ஆல்தோ, பட், மோர்ஓவர்: ஆங்கில வாக்கியங்களை எப்படிக் கோர்ப்பது?

தங்கச்சிமடம்_ட்யூஷன்

சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். முக்கால்வாசி கடல்தொழில் வீட்டுப் பிள்ளைகள். மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஒரு பத்தி எழுதி வரச் சொன்னேன். ஒரு பெண் எழுதி வந்தது கீழே. இந்தத் தளத்தில் தமிழ் எழுத்து மட்டும்தான் ஏறும், அதனால் ஆங்கிலத்தை ஒலியாகவே தட்டியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"த பேன் ஸ்டார்ட்ஸ் ஆன் ஏப்ரல் 15. மோர்ஓவர், இட் இஸ் ஃபார் 61 டேஸ். ஃபர்தர்மோர், த ஃபிஷ் ப்ரீட் இன் திஸ் டைம். ஹவ்எவர், ஆல் போட்ஸ் ஆர் ஆன் த ஷோர். ஆல்தோ வீ ஹேவ் நோ இன்கம், பட் மை ஃபாதர் ரிப்பேர்ஸ் த நெட். தேர்ஃபோர், த பேன் இஸ் குட்."

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் ஓரளவு சரிதான். சேர்த்துப் படித்தால் ஆறு பேர் எழுதிப் போட்ட ஆறு சீட்டை வரிசையாகப் பிரித்துப் படிக்கிற மாதிரி இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால், "கைடுல இருக்கு சார், வாக்கியத்துக்கு ஒரு லிங்க்கர் போட்டா மார்க்கு கூடும்" என்கிறாள். அந்தக் கைடில் சேர்த்தல், முரண், காரணம், விளைவு என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றிலும் வண்டி வண்டியாகச் சொற்கள். எந்தச் சொல் எந்தக் கட்டம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள். எங்கே போடுவது என்றால் முழிக்கிறாள்.

பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்வதா, வேறு வழி இருக்கிறதா? பொதுத்தேர்வு வேறு நெருங்குகிறது.

கீழக்கரை_பழைய_வாத்தியார்

தம்பி, அந்தப் பத்தியில் உள்ள எல்லா இணைப்புச் சொல்லையும் அடித்துவிட்டு மொட்டையாகப் படிக்கச் சொல்லுங்கள். தடை ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. 61 நாள். மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம். படகுகள் கரையில். வருமானம் இல்லை. அப்பா வலை பின்னிச் சரிசெய்கிறார். இப்போது ஒவ்வொரு இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே நின்று, "இதற்கும் அதற்கும் என்ன உறவு?" என்று தமிழிலேயே கேளுங்கள்.

முதல் இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு பாதி. அங்கே மோர்ஓவர் வராது, வெறும் அண்ட் போதும். மோர்ஓவர் என்பது ஒரு வாதத்துக்கு ஆதாரம் ஒன்று சொல்லிவிட்டு, அதைவிடக் கனமான இன்னொன்றைத் தூக்கி வைக்கும்போது வருவது. தேதிக்குப் பின்னால் நாள் கணக்கு சொல்வதற்கு அந்த ஆரவாரம் எதற்கு?

மூன்றாவது, தடைக்கான காரணம். அதைப் போய் ஃபர்தர்மோர் என்று "இன்னொரு தகவல்" ஆக்கிவிட்டாள். பிகாஸ் வர வேண்டிய இடம். நாலாவது, விளைவு. ஹவ்எவர் போட்டதால் மீன் இனப்பெருக்கம் செய்வதற்கும் படகு கரையில் நிற்பதற்கும் ஏதோ சண்டை போல ஆகிவிட்டது.

நான் எழுதினால்: "த பேன் ஸ்டார்ட்ஸ் ஆன் ஏப்ரல் 15 அண்ட் லாஸ்ட்ஸ் 61 டேஸ், பிகாஸ் மெனி ஃபிஷ் ப்ரீட் அட் திஸ் டைம். ஆல் த போட்ஸ் ஸ்டே ஆன் த ஷோர். வீ ஹேவ் நோ இன்கம், பட் மை ஃபாதர் இஸ் நாட் ஐடில். ஹி ரிப்பேர்ஸ் த நெட்." இணைப்புச் சொல் மூன்றே மூன்று. அதில் ஒன்று அண்ட்.

கடைசி வரியை விட்டுவிட்டேன். தடை நல்லது என்பதற்கு அவள் சொன்ன ஒரே காரணம் மீன் இனப்பெருக்கம். அது மூன்று வாக்கியம் மேலே கிடக்கிறது. தேர்ஃபோருக்கு ஒட்டினாற்போல முன்னால் இருப்பது அப்பா வலையைச் சரிசெய்வது. வலையைச் சரிசெய்கிறார், ஆகவே தடை நல்லது! படிக்கிறவன் சிரிப்பான்.

பாம்பன்_நாட்டுப்படகு

சார், உங்கள் ஆங்கிலம் சரி, செய்தி தப்பு. "ஆல் த போட்ஸ்" இல்லை. தடை விசைப்படகுக்குத்தான். நாங்கள் நாட்டுப்படகு, அந்த நாட்களிலும் போகிறோம்.

கீழக்கரை_பழைய_வாத்தியார்

ரொம்பச் சரி. இதைத்தான் அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும். அவள் பத்தியில் ஹவ்எவர் போட இடமே இல்லை என்றேன். இப்போது நீங்கள் ஒரு செய்தி சொன்னதும் இடம் தானாகத் திறந்துவிட்டது: "மெக்கனைஸ்டு போட்ஸ் மஸ்ட் ஸ்டே ஆன் த ஷோர். கன்ட்ரி போட்ஸ், ஹவ்எவர், கேன் ஸ்டில் கோ அவுட்." உண்மையிலேயே ஒரு எதிர்ப்பக்கம் இருக்கிறது, சொல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைக்குப் பஞ்சம் லிங்க்கரில் இல்லை, செய்தியில்.

பாம்பன்_நாட்டுப்படகு

அப்படியென்றால் எங்கள் ஊரில் எதிர்ப்பக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் அப்படியே மாறிப்போகும். இதற்கு என்ன சொல் போடுவது?

தேவிபட்டினம்_எம்ஏ

வைல் அல்லது வேர்ஆஸ் போடலாம் அண்ணே. "இன் த நார்த்ஈஸ்ட் மான்சூன் த நார்த் சீ இஸ் ரஃப், வைல் த சவுத் சீ இஸ் காம்." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறோம், ஒன்று இன்னொன்றை மறுக்கவில்லை. அதனால் ஆல்தோ இங்கே கொஞ்சம் உதைக்கும். ஆல்தோ வந்தால் "இது இருந்தும் அது நடந்தது" என்று ஒரு வியப்பு தொக்கி நிற்கும். வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அமைதியாக இருப்பதில் உங்களுக்கு என்ன வியப்பு? வெளியூர்க்காரனுக்கு வேண்டுமானால் இருக்கலாம்.

வைலுக்கு "அந்த நேரத்தில்" என்ற பொருளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். குழப்பம் வரும் என்று தோன்றினால் வேர்ஆஸ்.

மண்டபம்_2கே

எல்லோரும் பட்டியலை இப்படி அடிக்கிறீர்கள். நான் பட்டியலை மனப்பாடம் பண்ணித்தான் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கினேன். "கம்பைன் த சென்டென்சஸ்" என்று கேட்பான், பக்கத்திலேயே எந்தச் சொல் என்றும் கொடுத்திருப்பான். அங்கே உறவு கிறவு என்று யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். தோ என்றால் இப்படி, இன் ஸ்பைட் ஆஃப் என்றால் இப்படி என்று கை தானாக எழுத வேண்டும். ட்யூஷன் சார், மார்ச் வரை பட்டியலை விடாதீர்கள். தத்துவம் எல்லாம் ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம். (ஏப்ரல் 15-க்கு அப்புறம் எல்லார் வீட்டிலும் நேரம் இருக்கும்!)

தொண்டி_நர்ஸ்

தம்பி சொல்வது பள்ளித் தேர்வுக்கு ஓரளவு உண்மை. அதற்கு மேலே போனால் காலை வாரிவிடும். எங்கள் வேலையில் சில வெளிநாடுகளுக்குப் போக ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் நான்கு அளவுகோல், நான்குக்கும் சம மதிப்பு. அதில் ஒன்றே இந்தக் கோர்வை விஷயம்தான். கோர்வைக்கு மார்க் உண்டு என்றதும் பயிற்சி வகுப்புகளில் பட்டியலைக் கொடுத்து விடுகிறார்கள். ஆனால் அதே அளவுகோலில் 6-ம் பேண்டுக்கு (மதிப்பெண் படிக்கு) என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டுவதில்லை: இணைப்பு இயந்திரத்தனமாக இருந்தாலும் 6 கிடைக்கும் என்கிற அர்த்தத்தில் இருக்கும். அதாவது பத்திக்குப் பத்தி ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, மோர்ஓவர், இன் கன்க்ளூஷன் என்று அடுக்குகிறவருக்கு அந்த அளவுகோல் காட்டும் இடம் 6. அதற்கு மேலே போக வேண்டியவர்களும் அதே படியில் நின்று கால் தேய்கிறார்கள்.

ஓஇடி இன்னும் கறார். நோயாளியை வேறு மருத்துவரிடம் அனுப்பும் கடிதம், 180-லிருந்து 200 சொல்லுக்குள் எழுதச் சொல்வார்கள். சுருக்கம், தெளிவு என்றே தனி மதிப்பெண். அங்கே ஃபர்தர்மோர் போட்டால் ஒரு சொல் வீண், அவ்வளவுதான். தேதிகளே வரிசையைச் சொல்லிவிடும்: "ஆன் அட்மிஷன்", "ஆன் த தேர்ட் டே", "சின்ஸ் தென்". ஆனால் ஹவ்எவர் ஒன்றை மட்டும் நான் சேமித்து வைத்துக்கொள்வேன். "ஹர் ஃபீவர் செட்டில்டு. ஹவ்எவர், ஆன் த தேர்ட் டே ஷி டெவலப்டு எ காஃப்." படிக்கிற டாக்டரின் கண் அங்கே நிற்க வேண்டும். கடிதம் முழுக்க நாலு ஹவ்எவர் இறைந்து கிடந்தால் எதில் நிற்பார்?

மண்டபம்_2கே

சரிக்கா, ஓஇடி எழுதும்போது பார்த்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதைக்குப் பட்டியல்தான். இதில் நான் மாறப்போவதில்லை.

உச்சிப்புளி_தமிழாசிரியை

ஆங்கிலத்துக்கு நான் புதிது. ஆனால் அந்தப் பெண் எழுதிய "ஆல்தோ... பட்" எங்கிருந்து வருகிறது என்று தமிழ்ப் பக்கமிருந்து சொல்லலாம்.

நம் மொழியில் உறவு வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. பெய்தால், பெய்தாலும், பெய்ததால், பெய்யும்போது. வால் வரும்வரை காரணமா, நிபந்தனையா என்றே தெரியாது. ஆங்கிலத்தில் அது முதலிலேயே வந்து நிற்கிறது. இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பிள்ளைகள் ஏன் இரண்டு சொல் போடுகிறார்கள்? நாம் பேசும்போது தலையிலும் ஒன்று வைக்கிறோம், கவனியுங்கள். "என்னதான் காற்று அடித்தாலும் போவோம்." "ஒருவேளை வலை கிழிந்துவிட்டால்..." "எப்போது கடல் அடங்குகிறதோ அப்போது." "எவ்வளவு ஐஸ் போடுகிறோமோ அவ்வளவு நேரம் மீன் நிற்கும்." தலையில் ஒன்று, பின்னால் அதற்கு ஜோடி ஒன்று. நம் காது ஜோடிக்குப் பழகியது. ஆல்தோ என்றதும் பிள்ளை அதை "என்னதான்" இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்கிறது. அப்புறம் பின்னால் வர வேண்டிய ஜோடியைத் தேடுகிறது. கையில் கிடைப்பது பட். பிகாஸுக்கு சோ வருவதும் இப்படித்தான். "ஏன்னா மழை, அதனால போகல" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறோமே.

இன்னொன்று. "நாங்கள் கடலுக்குப் போகவில்லை. ஏனென்றால் கடல் சரியில்லை." தமிழில் இது இரண்டு முழு வாக்கியம், நடுவில் முற்றுப்புள்ளி வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே பழக்கத்தில் பிள்ளைகள் "பிகாஸ் த சீ வாஸ் ரஃப்" என்று தனியாக எழுதிப் புள்ளி வைத்துவிடுகிறார்கள். அது தப்பா சார்?

கீழக்கரை_பழைய_வாத்தியார்

டீச்சர், நான் இத்தனை காலம் "ஒன்றுதான் போட வேண்டும்" என்று விதியாகச் சொன்னேனே தவிர ஜோடிக் கணக்கை யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

பிகாஸ் கேள்விக்கு: பேச்சில், பதில் சொல்லும்போது தனியாக வரலாம். "ஏன் போகவில்லை?" "பிகாஸ் த சீ வாஸ் ரஃப்." அதில் ஒன்றும் இல்லை. பரீட்சையில், அலுவல் கடிதத்தில் அது அந்தரத்தில் தொங்கும் பாதி வாக்கியம். முந்தியதோடு சேர்த்துவிட வேண்டும். ஆனால் பிகாஸில் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று சில பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது அதிகப்படி. "பிகாஸ் த சீ வாஸ் ரஃப், வீ ஸ்டேய்டு அட் ஹோம்" முழு வாக்கியம், தாராளமாக எழுதலாம். பட், அண்ட் இரண்டிலும் வாக்கியம் தொடங்குவதற்கும் தடை கிடையாது. நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஆல்தோ... பட் ஏன் கூடாது என்றால், பட் இரண்டு சமமான வாக்கியங்களைக் கோர்க்கிற சொல். ஆல்தோ வந்த உடனேயே அந்த வாக்கியம் இன்னொன்றைச் சார்ந்ததாகிவிட்டது. சமமான ஜோடி அங்கே இல்லை, பட்டுக்கு வேலையும் இல்லை. ஒரு விலக்கு சொல்லி வைக்கிறேன், யாராவது பழைய இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவதற்கு முன்: தோ... யெட் என்ற ஜோடி உண்டு. நம் பாட்டனார் காலத்துப் பாடங்களில் பார்க்கலாம். யெட் அங்கே "ஆனாலும்கூட" என்று அழுத்தம் கொடுக்கிற வேலையைச் செய்கிறது. தப்பில்லை, இன்றைக்குப் பழைய வாடை அடிக்கும்.

ரயில்_கிறுக்கு

ட்யூஷன் சாருக்கு ஒரு பயிற்சி. பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயத்தில் இரண்டு மொட்டை வாக்கியம் கொடுத்துவிட்டு, கோர்வையை மட்டும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது பாம்பன் பாலம். 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தது. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். சீரமைக்கும் பொறுப்பேற்ற பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார்.

"த ரயில்வேஸ் கேவ் சிக்ஸ் மன்த்ஸ். ஸ்ரீதரன் ஃபினிஷ்டு இன் 46 டேஸ்."

பட் போட்டால் இரண்டுக்கும் சம எடை. ஆல்தோவை முதல் வாக்கியத்தில் வைத்தால் ஆறு மாதம் பின்னுக்குப் போய், 46 நாள் முன்னுக்கு வருகிறது. அதே ஆல்தோவை இரண்டாவதில் வைத்துப் பாருங்கள்: "ஆல்தோ ஸ்ரீதரன் ஃபினிஷ்டு இன் 46 டேஸ், த ரயில்வேஸ் ஹேட் கிவன் சிக்ஸ் மன்த்ஸ்." செய்தி அதேதான், ஆனால் ரயில்வேயின் கணக்கு தப்பு என்று யாரோ குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது! சோ போட்டால் அபத்தம்: ஆறு மாதம் கொடுத்தார்கள், அதனால் 46 நாளில் முடித்தார். பிள்ளைகள் இதைச் சத்தமாகப் படித்தால் போதும், எது உதைக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

டிஸ்பைட்டும் இதிலேயே வரும். "டிஸ்பைட் த டேமேஜ், ஹி ஃபினிஷ்டு இன் 46 டேஸ்." டிஸ்பைட்டுக்குப் பின்னால் பெயர்ச்சொல், அல்லது இங் வடிவம். "டிஸ்பைட் ஆஃப்" கிடையாது. ஆஃப் வேண்டும் என்றால் இன் ஸ்பைட் ஆஃப். பிகாஸ், பிகாஸ் ஆஃப் கதையும் இதுவே: பின்னால் வாக்கியம் வந்தால் பிகாஸ், வெறும் பெயர் வந்தால் பிகாஸ் ஆஃப்.

ராமேஸ்வரம்_ஆட்டோ

எழுதுகிறவர்கள் கதை வேறு. நான் தினமும் வடநாட்டுக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலத்தில் கதை சொல்லிப் பிழைக்கிறேன். சோ, தென், பட், பிகாஸ். இந்த நாலும் போதும். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் நான் சொல்வது: "பிஃபோர், போட் வென்ட் டு சிலோன் ஃப்ரம் ஹியர். தென் 1964 சைக்ளோன் கேம். ட்ரெயின் ஆல்சோ வென்ட் இன் த சீ. ஆஃப்டர் தட், கவர்ன்மென்ட் சேட் நாட் சேஃப். பட் ஃபிஷர்மென் ஸ்டில் லிவ் ஹியர்." அத்தனை பேருக்கும் புரிகிறது. சிலர் இறங்கிப் போய் இடிந்த சர்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து இன்னும் கேட்கிறார்கள். ஹவ்எவர் என்று நான் சொன்னால் என் வாயே எனக்குக் கேட்காது.

ஒரு வேண்டுகோள். நம் பையன்கள் மூச்சுக்கு மூச்சு "ஆக்சுவலி" போடுவதை யாராவது நிறுத்துங்கள். எதையும் இணைக்காத சொல் அது.

தேவிபட்டினம்_எம்ஏ

அண்ணே, நீங்கள் சொன்னதில் பிஃபோர், தென், ஆஃப்டர் தட், ஸ்டில் என்று காலக்கோர்வை முழுசாக இருக்கிறது. கட்டுரையில் இதைத்தான் பிள்ளைகள் விட்டுவிட்டு மோர்ஓவருக்கு ஓடுகிறார்கள்.

இணைப்புச் சொல் இல்லாமலே கோர்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. ஹாலிடே, ருகையா ஹசன் என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1976-ல் ஆங்கிலக் கோர்வையை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இது, அது, அவர் என்று சுட்டுவது, ஒன்றுக்குப் பதில் ஒன் என்றோ டூ ("செய்" என்னும் வினை) என்றோ இன்னொரு சொல்லை வைப்பது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது, இணைப்புச் சொல், சொல்லைத் திருப்பிச் சொல்வது அல்லது அதே குடும்பத்துச் சொல்லைப் போடுவது. கைடு மொத்தமும் ஐந்தில் ஒன்றைப் பற்றித்தான்.

சுட்டுவதுதான் எனக்குப் பிடித்தது. திஸ் என்று மட்டும் எழுதாமல், திஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வையுங்கள். "த ட்ரெயின்ஸ் ஓவர் த ஓல்டு பாம்பன் பிரிட்ஜ் ஸ்டாப்டு இன் டிசம்பர் 2022. திஸ் பிரேக் ஹர்ட் த ஸ்மால் ஷாப்ஸ் நியர் த ஸ்டேஷன்." திஸ் பிரேக் என்ற இரண்டே சொல் முந்திய வாக்கியம் முழுவதையும் கையில் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குள் நுழைகிறது. அங்கே தேர்ஃபோரைப் போட்டுப் பாருங்கள், தேவையே இல்லை என்று தெரியும். தெரிந்ததில் தொடங்கி புதியதில் முடிப்பது, அடுத்த வாக்கியத்தை அந்தப் புதியதிலிருந்து தொடங்குவது. இப்படிப் போனால் பத்தி தானாக நடக்கும்.

மட்டுறுத்துநர்

ஏலக்கடை மீன் விலை பற்றிய மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஆங்கிலம் மட்டும்.

தங்கச்சிமடம்_ட்யூஷன்

எல்லோருக்கும் நன்றி. மண்டபம் தம்பி சொன்னதையும் ஒதுக்கவில்லை, "கம்பைன்" கேள்விக்குப் பட்டியல் இருக்கட்டும். பத்தி எழுதுவதற்கு வாத்தியார் சொன்ன மொட்டை அடிக்கும் வேலை. பாலக் கணக்கை நாளைக்கே கொடுக்கப் போகிறேன்.

இன்னொரு தொல்லை. பிள்ளைகள் எழுதும் நீள வாக்கியம். "மை ஃபாதர் வோக் அப் அண்ட் டுக் த நெட் அண்ட் வென்ட் டு த ஷோர் அண்ட் ஸ்டார்ட்டட் த இன்ஜின் அண்ட்..." அண்ட் முடியவே மாட்டேன் என்கிறது. அதைத் தவிர்க்க ஒரு பையன் இங் போட்டுப் பார்த்தான்: "கோயிங் டு த ஷோர், த போட் ஹேட் லெஃப்ட்." படகே கரைக்கு நடந்து போன மாதிரி!

உச்சிப்புளி_தமிழாசிரியை

இது எச்சம் செய்கிற வேலை. எழுந்து, எடுத்து, போய், ஏறி, இன்ஜினைப் போட்டு என்று முற்று வரும்வரை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டலாம், தமிழுக்கு மூச்சு வாங்காது. ஆங்கிலத்தில் அந்த ஒவ்வொரு "-து"வுக்கும் பிள்ளை ஓர் அண்ட் வைக்கிறது.

இங் தவறுக்கு நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. "கரைக்குப் போய்ப் படகு கிளம்பிவிட்டது" என்று யாரும் சொல்ல மாட்டோம். போனவரும் கிளம்பியதும் வேறு வேறு. "செய்து" என்னும் எச்சம் பெரும்பாலும் அதே எழுவாயில்தான் போய் முடியும். "மழை பெய்து குளம் நிரம்பியது" போன்றவை வேறு. எழுவாய் மாறினால் "நான் கரைக்குப் போனபோது படகு கிளம்பியிருந்தது" என்றுதானே சொல்வோம்? அந்தப் பையனிடம் வாக்கியத்தைத் தமிழில் எச்சத்தோடு சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் உதைத்தால் இங் போடாதே, வென் போடு.

கீழக்கரை_பழைய_வாத்தியார்

அண்ட் தொடருக்கு: முக்கியமான இரண்டு வினையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டச் சொல்லுங்கள். அப்பா கண் விழித்தார் என்பதை எழுதித்தான் ஆக வேண்டுமா? விழிக்காமல் யார் கடலுக்குப் போனது?

நிறுத்தக்குறி பற்றி ஒரு வரி. "இட் ரெய்ன்டு, ஹவ்எவர் வீ வென்ட்" தப்பு. இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் வரும் ஹவ்எவருக்கு முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. காற்புள்ளி மட்டும் போட்டுக் கோர்க்க வேண்டுமானால் பட். தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்தலெஸ் மூன்றும் ஹவ்எவர் ஜாதிதான்.

சாயல்குடி_பிளஸ்டூ

வணக்கம். நான் படிக்கிற பையன். அன்லெஸ்ஸில் எப்போதும் அடி வாங்குகிறேன். "அன்லெஸ் யூ டோன்ட் வியர் எ லைஃப் ஜாக்கெட், யூ கேனாட் கோ" சரியா?

தொண்டி_நர்ஸ்

இல்லப்பா. அன்லெஸ்ஸுக்குள்ளேயே "இல்லாவிட்டால்" இருக்கிறது. நீ டோன்ட் போட்டால் "போடாமல் இருந்தால் ஒழியப் போக முடியாது" என்றாகி, ஜாக்கெட் போட்டவனைத்தான் தடுக்கிறாய். "அன்லெஸ் யூ வியர் எ லைஃப் ஜாக்கெட், யூ கேனாட் கோ." சந்தேகம் வந்தால் இஃப்... நாட் போட்டு எழுது, பொருள் மாறாது.

சாயல்குடி_பிளஸ்டூ

நன்றிக்கா. கட்டுரையின் கடைசிப் பத்தியை "அட் லாஸ்ட்" என்று தொடங்கலாமா? "ஆன் த கான்ட்ரரி"யும் அடிக்கடி போடுவேன்.

தொண்டி_நர்ஸ்

ஆன் த கான்ட்ரரி என்றால் முந்தி சொன்னது தப்பு, உண்மை இதற்கு நேர்மாறு என்று மறுப்பது. "ஹி இஸ் நாட் லேஸி. ஆன் த கான்ட்ரரி, ஹி வொர்க்ஸ் ஆல் நைட்." வெறுமனே மறுபக்கம் காட்ட ஆன் த அதர் ஹேண்ட்.

அட் லாஸ்ட் என்றால் காத்துக் காத்துக் கிடந்து ஒருவழியாக நடந்தது. கடைசிக் கருத்தைச் சொல்ல அது வராது, லாஸ்ட்லி அல்லது ஃபைனலி போடு. அட் லாஸ்ட் எங்கே வரும் தெரியுமா? 2022 டிசம்பரில் பாம்பனைத் தாண்டிப் போகும் ரயில் நின்றுபோனது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. "அட் லாஸ்ட், த ட்ரெயின் கேம் பேக் டு ராமேஸ்வரம்."

ரயில்_கிறுக்கு

அந்த வாக்கியத்துக்கு மட்டும் ஆச்சரியக்குறியும் போட்டுக்கொள் தம்பி, நான் மார்க் குறைக்க மாட்டேன்.